விட்டுப்போன இரண்டாவது ஊசி

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டதென்றால் வாசலில் வேப்பிலை செருகுவது பழைய வழக்கம். அயலார் உள்ளே வரலாகாது. குழந்தை வெளியே போகலாகாது. இதனை மூடத்தனம் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். பிணியுற்றோரைத் தனித்து வைக்கும் நல்லறிவு அதில் இருக்கிறது. ஆயினும் தட்டம்மையிடம் அது பலிப்பதில்லை. மேனியில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே இந்நோய் பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அந்நாட்களில் காய்ச்சல், சளி, கண் சிவப்பு என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றிலும் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். வேப்பிலை வாசலுக்கு வருமுன் அம்மை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

"வந்தால் வந்து போகட்டும்" என்பார் உண்டு. வந்துபோவது எப்போதும் அம்மை மட்டுமன்று. நுரையீரல் அழற்சியும் வயிற்றுப்போக்கும் மூளைக் காய்ச்சலும் பின்தொடரக்கூடும். ஊட்டமில்லாக் குழந்தைக்குக் கண்ணொளியே போய்விடுவதுண்டு.

நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985-இல் சேர்ந்தது. ஒன்பதாம் மாதத்தில் போடும் அந்த ஒரே ஊசியால் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்கே காப்பு உண்டாகிறது. எஞ்சியவர்களுக்காகவே 2010 முதல் இரண்டாவது ஊசி வந்தது. 16 மாதத்திற்கும் 24 மாதத்திற்கும் இடையே அதைப் போடவேண்டும். 2017 பிப்ரவரியில் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகத் தமிழகப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திக்கு அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க நேர்ந்தது.

அச்சத்தின் விலையைச் சமோவா என்னும் தீவு நாடு கொடுத்தது. 2018-இல் ஊசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்ததால் அங்கே இரு பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். பிழை கலந்தவர் கையில். பழியோ மருந்தின்மேல் விழுந்தது. மக்கள் ஊசியை வெறுத்தனர். மறு ஆண்டே தட்டம்மை புகுந்து 83 பேரைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர்.

நம் பக்கத்தில் அச்சத்தைவிட மறதியே பெரிது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டில் ஊசி போட்ட அட்டை அங்கேயே டிரங்குப் பெட்டியில் தங்கிவிடுகிறது. பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போகும் குடும்பம் தேதியை மறக்கிறது. (ஞானஸ்நானச் சான்றிதழைப் பத்திரப்படுத்தும் வீடுகளிலும் இந்த அட்டை அகப்படுவதில்லை!) நூற்றுக்கு 95 பேர் இரண்டு ஊசியும் பெற்றால் நோய் பரவ வழியில்லை என்பர். ஆனால் மாவட்டக் கணக்கு 95 என்றிருந்தாலும், விட்டுப்போன ஐவரும் ஒரே விசைத்தறித் தெருவில் விளையாடினால் அத்தெருவுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஆடித்தபசுக்குத் திரள் திரளாய் மக்கள் கூடும் ஊர் இது.

புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்வூசி இலவசம். அட்டை தொலைந்திருந்தாலும் குழந்தையைக் கூட்டிப் போகலாம். காலம் தப்பியவர்களுக்கும் ஐந்து வயது நிரம்பும்வரை போடுகிறார்கள்.