முற்றத்தில் ஒரு வண்ண நிழல்

செஞ்சியின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளும் கோடையில் அனலாய்க் கொதிப்பவை. ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் அக்கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. வடக்கே சற்றுத் தொலைவில், பல்லவர் காலக் குடைவரையால் புகழ்பெற்ற சிங்கவரம். பாறை சூழ்ந்த இப்பகுதியில் வீட்டு முற்றத்து நிழல் என்பது அலங்காரம் அன்று, தேவை.

மேலைநாடுகளில் இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூணுவதைப் படங்களில் கண்டு வியக்கிறோம். குளிரை நாடும் அம்மரங்களை இங்கு வளர்க்க முயல்வது வீண். அந்த அழகை நமக்கு வழங்க நாட்டு வாதுமை இருக்கிறதே! தை, மாசி மாதங்களில் இதன் அகன்ற இலைகள் மஞ்சளாகி, செம்மையுற்று உதிர்கின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு இருமுறையும் உதிர்வதுண்டு. முதிர்ந்த இலையிலிருந்து மரம் தன் சத்துகளைத் திரும்பப் பெறும்போது பச்சையம் சிதைகிறது; செந்நிறமிகள் மேலோங்குகின்றன. அதுவே இவ்வண்ணத்தின் இரகசியம்.

நம் விருந்துகளில் பாயசத்துக்குச் சுவையூட்டும் பாதாம் வேறு மரத்தின் பருப்பு. எனினும் நாட்டு வாதுமையின் கொட்டையை உடைத்தால் உண்ணத்தக்க சிறு பருப்பு கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதுவே பெரும் பொழுதுபோக்கு.

நன்கு கனிந்து விழுந்த புதிய பழத்தின் கொட்டையை மண் நிரப்பிய பையில் ஊன்றி, ஈரம் காயாமல் காத்துவர வேண்டும். கன்று முழங்கால் உயரம் வளர்ந்ததும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடலாம். அடியில் பாறை தட்டாத, மண் ஆழமுள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றடிக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் தவறக் கூடாது. ஆடு மாடுகள் கடிக்காதிருக்க முள்வேலி அவசியம்.

அடுக்கடுக்காய்க் கிளை விரித்துக் குடைபோல் படரும் மரம் இது. ஆகவே சுவரை ஒட்டியோ, கிணற்றின் மேலோ, மின்கம்பியின் கீழோ நடாதீர்கள். இவ்வொரு கவனக்குறைவினால்தான் வளர்ந்த மரத்தை வெட்ட நேர்கிறது; அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும் உண்டாகிறது.

'தினமும் குப்பை கூட்ட யாரால் ஆகும்?' என்று சலித்துக்கொள்ளும் சகோதரிகளும் உண்டு. உதிர்ந்த இலைகளை எரிக்காமல், ஒரு குழியில் சாணக் கரைசல் தெளித்து மக்கவிடுங்கள். அது முருங்கைக்கும் மல்லிகைக்கும் உரமாகும். அவ்வாறு செய்தால் குப்பையென்று எதுவுமில்லை.

மரம் நடுதல் நிலைத்த தருமம் என்பதை நாம் அறிவோம். வழிப்போக்கர் ஒருவர் வேலியோரத்தில் சற்றே நின்று வியர்வையைத் துடைத்துச் செல்வாராயின், நட்டவரின் உழைப்பு வீண்போகவில்லை. வரும் மழைக்கு முன் ஒரு கன்றைத் தயார் செய்வோமா?