புதிய ராம், பழைய வேகம்

கணினிக்குப் புதிய ராம் வாங்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணை மட்டுமே சரிபார்க்கிறார்கள். 8 ஜிபி இருந்த இடத்தில் 16 ஜிபி காட்டினால் வேலை முடிந்தது என்று மூடியை மாட்டிவிடுகிறார்கள். ஆனால் வேகத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்? பெட்டியில் 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம், மாட்டிய நாள் முதல் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. எல்லாம் ஒழுங்காக நடப்பதாலேயே இந்தக் குறை வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. மேம்படுத்தும் வேலை, ஓடும் வேகத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் முடிகிறது.

காரணம் ராமுக்குள்ளேயே இருக்கிறது. எஸ்பிடி எனப்படும் ஒரு சிறு சில்லில் அந்த ராமின் வேகம், தாமதம், மின்னழுத்தம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கணினியை ஆன் செய்ததும், அதன் தொடக்க மென்பொருளான பயாஸ் அதைப் படித்து, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த அளவில் ராமை ஓட்டத் தொடங்கும். டிடிஆர்4-க்கு அந்த அளவின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். அதைத் தாண்டிய வேகங்கள் தனி அட்டவணையாகக் கிடக்கும். இன்டெல் 2007-ல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்த எக்ஸ்போ இரண்டும் அத்தகையவை. நாம் சொன்னால்தான் பயாஸ் அவற்றைத் தொடும். ஆக, 3200 என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ராம் மீதுள்ள ஸ்டிக்கரில் 1.2 வோல்ட், சிஎல்22 (சிஎல் என்பது தாமதத்தின் அளவு) என்றிருந்தால் பொதுவாக அது தானாகவே 3200-ல் ஓடும், 1.35 வோல்ட், சிஎல்16 என்றிருந்தால் நீங்கள் பயாஸுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் இழப்பு சிறியதல்ல. 3200 என்பது நொடிக்கு 320 கோடி பரிமாற்றம். ஒவ்வொன்றிலும் 8 பைட் போவதால் நொடிக்கு 25.6 ஜிபி. 2133-ல் அது சுமார் 17 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ஸ்பீட் என்ற வரி தெரியும். சிபியூ-இசட் செயலியில் 1600 என்று பார்த்துப் பதற வேண்டாம். கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இரண்டு முறை தரவு போவதால், அங்கே காட்டுவது பாதி எண். வேகம் குறைவாக இருந்தால், கணினியை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸில் நுழைந்து, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கிச் சேமித்தால் போதும். அதற்கும் முன் ராம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ செருகினால் இரு தடங்களில் போக வேண்டிய தரவு ஒரே தடத்தில் போகும். அது வேகக் குறைவைவிடப் பெரிய இழப்பு. பழைய ராமோடு புதியதைச் சேர்த்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.

இதனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஏதும் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் இணையத்தில் செய்தி படிப்பவருக்கும் பெரிதாகத் தெரியாது, உண்மைதான். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரைவதற்கும் இதே ராம்தான் நினைவகம். அங்கே விளையாட்டின் ஓட்டம் ராமின் வேகத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. நம் ஊரில் குறைந்த பட்ஜெட்டில் வாங்கும் கணினிகள் பல இந்த ரகம்தான்.

ஆபத்து பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. ஜெடெக் அளவைத் தாண்டுவதை இன்டெல், ஏஎம்டி இரண்டுமே ஓவர்கிளாக்கிங், அதாவது வரம்பு மீறிய ஓட்டம், என்றுதான் வகைப்படுத்துகின்றன. உத்தரவாத விதிகளைப் படித்துவிடுவது நல்லது. 2023-ல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் கருகின. எக்ஸ்போவை இயக்கியபோது சில போர்டுகள் பிராசசருக்கு மிகையான மின்னழுத்தம் கொடுத்தது தெரியவந்து, ஏஎம்டி அந்த அழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. இதற்காக வேகத்தையே கைவிட வேண்டியதில்லை. பயாஸைப் புதுப்பித்துவிட்டு வேகத்தை ஏற்றுவதே சரி. நான்கு ராம் போடுபவர்கள் ஆசையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த ரைசன் 7000-க்கே, இரண்டு டிடிஆர்5 ராமுக்கு 5200 வரை உறுதி தரும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. வேகம் ஏற்றிய இரவே, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறக்கிவிடுங்கள். கோப்புகளைச் சிதைக்கும் வேகத்தால் பயனில்லை.

கடையில் ராம் மாட்டிக்கொள்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பீட் வரியில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், அங்கேயே பயாஸில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.