கண்டியிலிருந்து கடலடிக்கு: மலையேறித் திரும்பும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

கடந்த ஓகஸ்ட்டில் ஒஸ்லோவிலிருந்து வந்த என் மச்சாள், கண்டியில் நான் இருக்கும் வாடகை அறையில் பையை வைத்த கையோடு கேட்டாள்: "இஞ்ச எங்க சுழியோடலாம்?" நோர்வேயின் குளிர்ந்த கடலில் வாடகை உடுப்புடன் சுழியோடப் பழகியவள் அவள். கையில் இருந்தது நான்கு நாட்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான். மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் கட்டி 1985இல் திறக்கப்பட்ட அணை அது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்குள்தான் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றினால் இடிபாடுகள் தலைகாட்டும். ஆனால் அணையை அண்டிய பகுதியில் நினைத்தபடி இறங்க முடியாது. சுழியோடும் உபகரணங்களை வாடகைக்குத் தரும் நிலையங்கள் கரையோரத்தில்தான் இருக்கின்றன. அத்துடன் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர் உயரத்தில் இருக்கும். 300 மீற்றருக்கு மேல் சுழியோடினாலே அது தனிக் கணக்கு, தனிப் பயிற்சி. எனவே திருகோணமலை என்று முடிவெடுத்தோம்.

ஓகஸ்ட் மாதத்துக்கு அதுதான் சரி. கிழக்குக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். மார்கழி, தையில் வருபவர்கள் ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம்தான் போகவேண்டும். நிலாவெளிக்கு அப்பால் புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளப்பாறைகள் ஆழம் குறைந்த இடத்திலேயே இருப்பதால் புதியவர்களுக்கும் ஏற்ற இடம். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஆரம்பப் பயிற்சிச் சான்றிதழுக்கான எல்லை 18 மீற்றர். ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

நிலையத்தில் முதலில் நீட்டியது சிலிண்டரை அல்ல, ஒரு மருத்துவப் படிவத்தை. எங்கள் ஆட்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. நெஞ்சில் காயமோ சத்திரசிகிச்சையோ உண்டா, நுரையீரல் எப்போதாவது சுருங்கியதா, காதில் பிரச்சினை உண்டா என்று கேட்கிறார்கள். முள்ளிவாய்க்காலுக்குள் இருந்து வந்தவர்களில் எத்தனை பேரால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுத முடியும்? நெஞ்சில் செல் துண்டு பாய்ந்து ஆறிய இடத்தில் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். மேலே வரும்போது விரியும் காற்று அங்கே சிக்கினால் நுரையீரல் கிழியும்; உயிரே போகலாம். "ஆம்" என்று எழுதினால் வைத்தியரின் கையொப்பம் கேட்பார்கள், அவ்வளவுதான். கையொப்பத்துக்கு அலைய வேண்டுமே என்று "இல்லை" எழுதுபவர்களை அன்றே அங்கே பார்த்தேன்.

நான் "ஆம்" என்று எழுதினேன். 2009இல் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் செல் விழுந்த பிறகு என் இடது காது மந்தம். பயணத்துக்கு முன்னர் கண்டியில் காட்டியபோது, செவிப்பறையில் துளை இன்னும் இருக்கிறது என்றார் வைத்தியர். துளை வழியே குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போனால், சமநிலையைப் பேணும் உள்காது குழம்பும். தலை சுற்றும், வாந்தி வரும், மேல் எது கீழ் எது என்றே தெரியாது. கரையில் இது ஒரு தொல்லை. பத்து மீற்றர் ஆழத்தில் இதுவே ஆளைக் கொல்லும். நான் படகிலேயே இருந்துவிட்டேன்.

வாடகை உபகரணத்தை மச்சாள் சோதித்த விதம் எனக்குப் பாடமாக இருந்தது. சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த அழுத்தச் சோதனைத் திகதியைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். காற்றை முகர்ந்தாள். எண்ணெய் மணம் வந்தால் வாங்கக்கூடாது. பிறகு மானியைப் பார்த்தபடியே வாயால் நாலைந்து தரம் மூச்சிழுத்தாள். முள் 200 பாரில் அசையாமல் நிற்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு கீழே விழுந்தெழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மிதவை அங்கியை ஊதிவிட்டுப் பத்து நிமிடம் வைத்தாள், காற்று இறங்குகிறதா என்று. சுழியோடும் கணினியை வாடகைக்கு எடுத்தால், முதல் நாள் போட்டவரின் கணக்கு அதில் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அவள் தடுமாறியது ஈயக்கட்டியில். நோர்வேயில் தடித்த உலர் உடுப்பு மிதக்கும் என்பதால் நிறைய ஈயம் கட்டுவாள். இங்கே மெல்லிய 3 மில்லிமீற்றர் உடுப்பு. பழக்கத்தில் கேட்ட எடையைக் கட்டியிருந்தால் நேரே அடிக்குப் போயிருப்பாள். வழிகாட்டி சிரித்துக்கொண்டே பாதிக்கு மேல் கழற்றினார். நம் கடல் சூடுதானே என்று உடுப்பே இல்லாமல் இறங்குவதும் பிழை. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். உடல் குளிர்ந்தால் கைகால்களுக்குப் போகும் இரத்தம் குறையும். அங்கே சேர்ந்த நைதரசன் வெளியேறுவதும் தாமதமாகும்.

ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைதரசன் உடலுக்குள் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல இரத்தத்திலும் நரம்பிலும் குமிழியாகும். முல்லைத்தீவில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றிக் கடலட்டை பிடித்துவிட்டு வந்து கால் இழுத்துக்கொண்டு நடக்கிறார். "வாதம்" என்றுதான் வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.

கரைக்கு வந்தவுடன் இந்தக் கணக்கு முடிவதில்லை. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளியழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 6 வீதம் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர். உடலில் நைதரசன் மிச்சமிருக்கும்போது பஸ் ஏறி மலைக்குப் போவதும் விமானம் ஏறுவது போலத்தான். டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் அமைப்பின் வழிகாட்டல், ஒருமுறை சுழியோடியவர் 12 மணித்தியாலமும், பலமுறை சுழியோடியவர் 18 மணித்தியாலமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறது. 610 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்கான கணக்கு அது. கண்டி நகரம் அதற்குச் சற்றுக் கீழே என்பதால் சிலர் அன்று பின்னேரமே கிளம்பிவிடுகிறார்கள். ஹற்றன், நுவரெலியா போகிறவர்களுக்கும், மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை மலைப்பாதையால் வருகிறவர்களுக்கும் அந்தச் சாட்டுப் பொருந்தாது. கண்டிக்குத்தானே என்றாலும் நாங்கள் 18 மணித்தியாலத்தையே எடுத்துக்கொண்டோம்.

எனவே நாட்களைப் பின்னாலிருந்து எண்ணினோம். முதல் நாள் பயணம். இரண்டாம் நாள் காலையில் இரண்டு முறை சுழியோட்டம், நண்பகலோடு முடிவு. அன்றிரவு நிலாவெளியிலேயே தங்கல். ஒரு இரவு அறைக்காசை மிச்சம் பிடிக்க நினைத்து அவள் முணுமுணுத்தாள், நான் விடவில்லை. படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்றும், திருகோணமலைக் கடற்படையினரின் அழுத்த அறை இயங்குகிறதா என்றும் முதலே கேட்டு வைத்தோம். மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்று எது வந்தாலும் "தூங்கினால் சரியாகும்" என்று படுக்காமல் 1990க்கு அழைத்து, சுழியோடியதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்குக் கந்தளாய், ஹபரணை வழியாகப் புறப்பட்டோம். தம்புள்ளையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது, விரல் நுனி ஏதும் மரக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாத்தளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இன்னொரு முறை கேட்டேன். பதில் இல்லை, நித்திரையாகிவிட்டாள். கட்டுகஸ்தோட்டையில் எழுப்பித்தான் இறக்கினேன்.