இடாப்பும் இலக்கணமும்

சென்ற தவணையிலே ஒருநாள் நன்னூற் பெயரியல் நடத்திக்கொண்டிருந்தேன். பேடு என்னுஞ் சொல் பால் கொள்ளும் முறையைக் கூறும் சூத்திரம் வந்தது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகச் சொல்லலாம்; ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகச் சொல்லலாம்; இருதிறத்தாரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்பது பவணந்தியார் கருத்து. முப்பது ஆண்டுகளாக இவ்விடத்தை விரைந்து சொல்லி அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவதே என் வழக்கம். பிள்ளைகள் சிலர் வாய்பொத்திச் சிரிப்பர். அச்சிரிப்பை நான் ஒருநாளுங் கண்டித்ததில்லை. அதைக் கேட்டுத் தலைகுனிந்திருந்த பிள்ளைகள் எத்தனைபேரோ, அறியேன்.

அன்று மாணவி ஒருத்தி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “ஐயா, முதலிரண்டும் அவர்களுடைய விருப்பம். மூன்றாவது ஆருடைய விருப்பம்?” என்று கேட்டாள்.

நாளை சொல்வதாகக் கூறினேன். அந்த நாளை மூன்று கிழமை நீண்டது.

விடை தேடிப் புரட்டிய நூல்களிடையே இலக்கணத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று அகப்பட்டது. பிரித்தானிய இந்திய அரசு 1871ஆம் ஆண்டில் இயற்றிய 27ஆம் இலக்கச் சட்டம் அது. குற்றப்பரம்பரைச் சட்டம் என்று நாம் கேள்விப்பட்டது. குலங்கள் சிலவற்றைப் பிறப்பினாலே குற்றவாளிகளாக்கிய அதன் கொடுமையைப் பலர் எழுதியுள்ளனர். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்றுண்டென்பதை யான் இதுகாறும் அறிந்திலேன். இன்று நாம் திருநங்கையர் என்றும், வடநாட்டார் ஹிஜ்றா என்றும் வழங்குவோரைப் பற்றியது அப்பகுதி. சட்டமோ அவர்களை அண்ணகர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறித்தது. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியாகிய அக்கால வடமேற்கு மாகாணங்களும் அயோத்தியும் பஞ்சாப்பும் அதன் எல்லைக்குள் அடங்கின. தமிழ்நாடு அடங்கவில்லை.

அச்சட்டம் முதலிற் செய்தது ஓர் இடாப்புத் திறந்ததே. பிள்ளைகளைக் கடத்துவோர், விதையடிப்போர், இயற்கைக்கு மாறான குற்றஞ் செய்வோர் என்று ஐயுறப்பட்டோரின் பெயரும் இருப்பிடமும் அதிற் பதியப்படவேண்டும். அவர்தம் சொத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும். ஐயம் போதும்; நிரூபணம் வேண்டியதில்லை. காலையும் மாலையும் இடாப்பு மார்க்கும் எனக்கு, ஒரு பெயரை ஏட்டில் எழுதுவது இத்துணைப் பெரிய தண்டனையாகக்கூடும் என்பது அன்றுதான் புலனாயிற்று.

பெயர் பதிந்தபின் வருவன பார்மின். பெண்ணுடையோ பெண்ணணியோ பூண்டு தெருவிலே தோன்றினால் பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம். பொதுவிடத்தில் ஆடினாலும், இசைத்தாலும், கூலிக்கு ஒரு வீட்டினுள்ளே ஆடினாலுங்கூட அவ்வாறே. இரண்டாண்டு வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட பையனை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறுவர்க்குப் பாதுகாவலராதல் கூடாது, நன்கொடை கொடுத்தல் கூடாது, மரணசாதனம் எழுதுதல் கூடாது, மகவேற்றல் கூடாது.

இறுதியிற் கூறியவையே கொடியவை என்பேன். ஹிஜ்றாக்கள் குருவும் சீடருமாக வாழ்வோர். குருவின் பொருள் சீடரைச் சேரும். பெற்ற மக்கள் இல்லாத குடும்பம் அவ்வழியே தொடரும். மரணசாதனமும் மகவேற்பும் இல்லையெனின் அத்தொடர்ச்சி அறும். சிறிது சிறிதாக அச்சமூகமே அற்றொழிய வேண்டுமென்பது அதிகாரிகளின் நோக்கமாகவும் இருந்தது. ஆடலும் பாடலும் அவர்தம் சீவனோபாயம்; அதுவும் போயிற்று.

ஆடலைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றின் பெயரே பேடு. வாணன் நகரிலே காமன் பேடியாகி ஆடியது அது. இளங்கோவடிகள் அதனைக் கொற்றவை ஆடலோடும் திருமகள் ஆடலோடும் ஒருங்கு வைத்து எண்ணினார். 1871இன் அதிகாரிகள் சிலப்பதிகாரம் படித்திருக்க நியாயமில்லை. படித்த நாம் மட்டும் என்ன செய்துவிட்டோம்?

1911இல் வந்த புதிய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் இப்பகுதி இடம்பெறவில்லை. ஆயினும் ஐதராபாத் சமஸ்தானம் 1919இல் அதே அச்சில் ஒரு சட்டம் வார்த்தது. அதே இடாப்பு, அதே உடைத்தடை. இந்திய உச்சநீதிமன்றம் இம்மக்களின் உரிமையை 2014இல் ஏற்றுக்கொண்ட பின்னரும் அது ஏட்டில் இருந்தது. 2023இலேதான் தெலுங்கானா உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. நூறாண்டுக்கு மேல்!

எமது நாட்டிலே 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அதன்வழிச் சான்றிதழ் பெற்றோர் பிறப்புப் பதிவிலே தம் பெயரையும் பாலையும் திருத்திக்கொள்ளலாம். திருத்திய பதிவோடு பழைய மாணவர் எவரேனும் வந்து நின்றால், எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய இடாப்புகள் என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்த்தேன்.

மூன்று கிழமை கழித்து வகுப்பிலே விடை சொன்னேன். தொல்காப்பியர் இப்பெயர்களைத் தெய்வப் பெயர்களோடு ஒரே சூத்திரத்தில் வைத்தார்; இவற்றுக்குத் தமக்கென ஈறில்லை, உயர்திணை ஈற்றையே கொள்ளும் என்றார். அஃறிணை வழக்கைப் பவணந்தியார் படைக்கவில்லை. உலகத்தார் வாயிலே கேட்டதை எழுதிவைத்தார் என்றே கொள்கிறேன். “ஆகவே பிள்ளை, மூன்றாவது சொல்லுகிறவனுடைய விருப்பம். என்னுடையதும் அதற்குள் இருந்தது” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒருவன் மட்டும் கையுயர்த்தி, “ஐயா, இது சோதினைக்கு வருமோ?” என்று கேட்டான்.