பருவமழையிலும் காய்கறி

குளிர்நாடுகளில் பசுமைக்குடில் வெப்பத்தைக் காக்க எழுந்தது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை பொழியும் தென்மேற்குப் பருவமழையே காய்கறிப் பயிருக்குப் பெருந்தடை. ஆதலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைக் கூரையாக இட்டு, வெப்பக்காற்று வெளியேறப் பக்கங்களைத் திறந்துவிடும் மழை மறைப்பே இங்கு ஏற்றதாகும். இலை நனையாமையால் பூஞ்சை நோய் குறையும். இட்ட தொழுவுரச் சத்தும் கரைந்தோடாது. இரசாயன மருந்தும் உரமும் தவிர்க்கும் இயற்கை உழவருக்கு இவ்விரண்டும் பெருந்துணை. உள்ளூர்ச் சந்தையில் காய் அருகும் காலத்தில் விளைச்சலும் கிடைக்கும்.

பூச்சிக்கு அஞ்சி வலையால் முற்றும் மூடினால் தேனீயும் நுழையாது. பாகற்கொடி பூத்தும் காய்க்காது. அந்நிலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் கையால் தடவுதல் வேண்டும். கீரை, வெண்டை, தக்காளிக்கு இத்தொல்லை பெரிதன்று. மழை மறைவுப் பகுதியான மறையூரில் கூரையின் தேவையும் குறைவே. இடமறிந்து அமைப்பதே சிக்கனமாகும்.