50 வாழ்த்து அட்டைகளுக்கு எத்தனை தாள்?

பொங்கலுக்கு உங்கள் வகுப்பில் 50 பேருக்கும் வாழ்த்து அட்டை செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூப்போட்ட வண்ணத் தாள் இரண்டு கைவசம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 50 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளம். ஒவ்வோர் அட்டையின் முகப்பிலும் 9 செ.மீ. × 13 செ.மீ. துண்டு ஒன்றை ஒட்ட வேண்டும். இரண்டு தாள்கள் போதுமா? கத்தரிக்கோலை எடுக்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துண்டின் 13 செ.மீ. பக்கத்தைத் தாளின் அகலவாக்கில் வைத்தால் வரிசைக்கு 3 துண்டுகள். இப்படி 7 வரிசைகள். மொத்தம் 21. இரண்டு தாளுக்கு 42தான். எட்டு நண்பர்களுக்கு அட்டை இல்லை! துண்டைத் திருப்பி வையுங்கள். 5 × 5 = 25 கிடைக்கும். இரண்டு தாளுக்குச் சரியாக 50. ஆனால் ஒன்று வீணானாலும் திண்டாட்டம்தான்.

இரு வழிகளையும் கலந்தால் என்ன? தாளின் அகலத்தில் 36 செ.மீ.யைப் பிரித்து, அதில் துண்டுகளை நிற்க வைத்தால் 4 × 5 = 20. மீதியுள்ள 14 செ.மீ. பட்டையில் துண்டுகளைப் படுக்க வைத்தால் 7. ஆக 27! இரண்டு தாளுக்கு 54. நான்கு துண்டுகள் கையிருப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சதுரமாக வரிசையிட்ட புள்ளிகளை 90 பாகை திருப்பினாலும் தோற்றம் மாறாது. இதையே சமச்சீர் என்கிறோம். மயில் படம் போட்ட தாளானால், திருப்பிய ஏழு துண்டுகளிலும் மயில் படுத்துவிடும்! அதற்கு 25 வழியே ஏற்றது.

வெட்டும் கோடுகளைக் குறிக்கும்போது 9, 18, 27, 36 என்று எல்லா அளவுகளையும் தாளின் ஒரே விளிம்பிலிருந்து அளந்து குறியுங்கள். ஒரு துண்டை வெட்டி, அதை வைத்து அடுத்ததை அளந்தால், ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. பிழை நேர்ந்தாலும், ஐந்தாவது துண்டில் அது இரண்டரை மி.மீ. ஆகிவிடும்.

இனி, அட்டைக்கான தடித்த ஏ4 தாளுக்கு வருவோம். இதன் அளவு 210 மி.மீ. × 297 மி.மீ. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இத்தகைய தாளை நீளத்தின் நடுவே இரண்டாக வெட்டினால், பாதியும் அதே விகிதத்தில் அமையும். இச்சிறப்பை ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர் லிக்டென்பெர்க் 1786ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1922இல் ஜெர்மனி இதைத் தாள் அளவுகளுக்கான தரமாக்கியது.

ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். எப்படி வெட்டுவது? அதைத் தாளின் இழைகளே சொல்லும்! ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிகின்றன. இழையோடு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் இழைகள் உடைந்து விளிம்பு பிசிறும்.

தாளை மடிக்காமல் இருபுறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். நீண்ட பக்கங்களை நெருக்கும்போது எளிதாக வளைந்தால், இழை நீளவாக்கில் இருக்கிறது. அப்போது தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, 148 × 210 மி.மீ. துண்டைப் புத்தகம்போல் மடியுங்கள். குறுகிய பக்கங்களை நெருக்கும்போது எளிதாக வளைந்தால், தாளை நெடுக வெட்டி, 105 × 297 மி.மீ. துண்டை மேல்நோக்கித் திறக்கும்படி மடியுங்கள். இரண்டிலும் அட்டையின் அளவு 105 × 148 மி.மீ.தான்!

ஓர் அட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காதீர்கள். எல்லாவற்றையும் வெட்டிய பின் எல்லாவற்றையும் மடியுங்கள், அதன்பின் ஒட்டுங்கள். பசையை மெல்லியதாகத் தடவுங்கள். நீர் பட்டால் இழைகள் பருத்து அட்டை சுருளும். ஆகவே ஒட்டியவற்றைக் கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி. துண்டின் அளவை 10 × 14 செ.மீ. என்று மாற்றினால், அதே தாளில் எத்தனை துண்டுகள் கிடைக்கும்? எவ்வளவு தாள் வீணாகும்? கணக்கிட்டுப் பாருங்கள், விடை உங்களை வியக்க வைக்கும்!