‘ஹலோ’வுக்கு என்ன விலை?

திருக்கழுக்குன்றத்து மலைக்கு ஒரு காலத்தில் நாள்தோறும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து, பொங்கல் உண்டு போகும். காசிக்கும் ராமேசுவரத்துக்குமாக அவை பறந்தன என்பது ஐதிகம். வழிச் செலவு சல்லிக் காசு இல்லை! அந்தக் கழுகுகள் இப்போது வருவதில்லை. இன்று பறக்கிறவர்கள் பிள்ளைகள்தாம், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும். அவர்கள் குரலைக் கேட்க ஊரில் இருப்பவர்கள் செலவழித்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

1980-களின் பிற்பகுதியில், ‘எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.’ என்ற பலகையுடன் ஊருக்கு ஊர் கண்ணாடிக் கூண்டுகள் முளைத்தன. உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அதன் சூட்சுமம் இதுதான்: துடிப்புக்கு இவ்வளவு என்று கட்டணம், தூரம் கூடக் கூட, துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி குறையும். உள்ளூர்ப் பேச்சில் அசையாமல் நின்ற எண், கடல் கடந்தால் குதிரைப் பாய்ச்சல்தான்! 1990-களில் அமெரிக்காவுடன் ஒரு நிமிடம் பேச ஐம்பது ரூபாய்க்கு மேல். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்ட தாயாரின் கண் மீட்டரில் இருக்கும், மகன் சொன்ன பதிலில் பாதி காதில் விழாது.

சிக்கனத்துக்கு வழி காணாமல் இருப்பார்களா நம்மவர்? பேச வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். காஸெட்டில் பேசிப் பதிந்து, விடுமுறைக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரு மணி அடித்து நின்றால் ‘சௌக்கியம்’, இரண்டு அடித்தால் ‘உடனே கூப்பிடு’. இலாகாவுக்கு ஒரு பைசா கூடப் போகாத தந்தி அது!

வெளிநாட்டுப் பேச்சு 2002 வரை வி.எஸ்.என்.எல். ஒன்றின் கையிலேயே இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் போட்டிக்கும் இணையப் பேச்சுக்கும் கதவு திறந்தது. 2003-இல் பிறந்த ஸ்கைப் 2025 மே மாதம் கண்ணை மூடிவிட்டது. 2015-இல் வாட்ஸ்அப்பில் குரலும், மறு ஆண்டு முகமும் வந்தன. குரலைப் பொடிப்பொடியாக நறுக்கி இணையத்தில் அனுப்புவதால் தூரக் கணக்கே கிடையாது. செங்கற்பட்டும் சிகாகோவும் ஒரே விலை. முகம் பார்த்துப் பேசினால் டேட்டா பல மடங்கு கரையும். மாதக் கடைசியில் குரல் மட்டும் போதுமே!

எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடை; அங்கே அனுமதி பெற்ற ‘போடிம்’ போன்ற செயலிகளைத்தான் நாட வேண்டும். மகனைப் பார்க்க விமானம் ஏறுகிறவர்கள், நம் ஊர் சிம்மில் ‘டேட்டா ரோமிங்’கை ஏறும் முன்பே அணைத்துவிடுவது நலம். சாதாரண போன் வைத்திருக்கும் பாட்டிமார்களை, அங்கிருந்து பிள்ளைகளே கூப்பிடட்டும்.

இன்னொன்று. அந்தப் பழைய ‘மிஸ்டு கால்’ தந்திரத்தை இப்போது மோசடிக்காரர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 91 அல்லாத ஏதோ எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றுவிடும். பிள்ளையோ என்று பதறித் திருப்பிக் கூப்பிட்டால், கட்டணம் எகிறும். அதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பிள்ளையின் எண்ணைப் பெயரோடு போனில் பதிந்து வையுங்கள். பெயர் தெரியாத வெளிநாட்டு எண் என்றால், அடித்து ஓயட்டும்.